தறிச் சத்தமும் ஐயாம்பிக் சீரும்

இளங்கலை ஆங்கில இலக்கியம் முதலாண்டில், உள்மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றில், அலிட்டரேஷன் (சொற்களின் தொடக்கம் ஒன்றிவருவது) என்றால் என்ன என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குமாறு 2 மதிப்பெண் வினா வந்திருந்தது. வரையறையை நெட்டுருப் போட்டிருந்தேன். ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டையே எல்லோரும் எழுதுவார்கள், நாமாவது சொந்தமாக ஒன்று எழுதுவோம் என்ற ஆசையில், 'சிட்டி, கேட், சைல்ட்' என்று மூன்று சொற்களை வரிசையாக எழுதி வைத்தேன். மூன்றும் 'சி' என்னும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்குகின்றன என்பது என் கணக்கு. விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த மூன்று சொற்களின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. ஏன் தவறு என்று எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்திருந்த எனக்கு, எழுந்து நின்று ஆங்கிலத்தில் காரணம் கேட்கும் துணிவும் இல்லை.

காரணம் எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றாகவே நடக்கின்றன. மோனையைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், பள்ளியில் நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். ஆங்கிலத்தில் எழுத்து என்பது ஒலி உடுத்திக்கொண்ட சட்டை மட்டுமே. சிட்டியில் அந்த எழுத்து சகர ஒலியாகவும், கேட் என்னும் பூனையில் ககரமாகவும், சைல்டில் அழுத்தமான இன்னொரு சகரமாகவும் ஒலிக்கிறது. மாறாக, எழுத்தில் 'கே' என்று தொடங்கும் கத்தியும் 'என்' என்று தொடங்கும் இரவும், நைஃப், நைட் என ஒன்றாக ஒலித்து, அலிட்டரேஷனாக அமைந்துவிடுகின்றன. இன்று சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் அதே பாடத்தை 22 ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கும் நான், முதல் வாரத்தில் மாணவர்களிடம் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்வதற்கு அந்தச் சிவப்புக் கோடுதான் காரணம்.

அலிட்டரேஷன் என்றால் மோனை என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஆனால் மோனைக்கு இடக்கணக்கு உண்டு. அது சீர்களின் தலையில் நிற்க வேண்டும். எந்தெந்தச் சீரில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் பெயரே மாறும். 'அரியவற்றுள் எல்லாம் அரிதே பெரியாரை' என்னும் குறளடியில் முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனை பெறுகின்றன; அது பொழிப்பு மோனை. அன்றியும், மோனைக்கு அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. அகரத்துக்கு ஆகாரமும் ஐகாரமும் ஔகாரமும், சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும் இன எழுத்துகளாக வந்து நிற்கலாம். இவ்வளவு நுணுக்கமான கட்டுப்பாடு இன்றைய ஆங்கிலக் கவிதையின் அலிட்டரேஷனுக்குக் கிடையாது. கவிஞர் விரும்பிய இடத்தில் தூவிக்கொள்ளலாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்துக்குப் போனால் கதை மாறிவிடுகிறது. பேவுல்ஃப் என்னும் 3182 அடிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காப்பியத்தில் அலிட்டரேஷன் அலங்காரமாக வரவில்லை, அதுதான் யாப்பு. ஒவ்வோர் அடியும் இரண்டு பாதிகளாகப் பிரியும். பாதிக்கு இரண்டாக நான்கு அழுத்தங்கள் விழும். மூன்றாவது அழுத்தத்தின் தொடக்க ஒலி, முதலாவதுடனோ இரண்டாவதுடனோ அல்லது இரண்டுடனுமோ ஒன்றியே தீர வேண்டும். நான்காவது பொதுவாக விலகி நிற்கும். முதலாவதும் மூன்றாவதும் ஒன்றி வரும் அடியைப் படிக்கும்போது, நம் பொழிப்பு மோனை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பதுபோல் இருக்கும். அங்கேயும் உயிரெழுத்துகளுக்குச் சலுகை உண்டு. எந்த உயிரும் எந்த உயிருடனும் ஒன்றும். இதைச் சொன்னவுடன் வகுப்பில் யாராவது ஒருவர், "அப்போ நம்மகிட்ட இருந்துதான் போயிருக்குங்களா மேடம்?" என்று கேட்பார். அந்தப் பக்கம் நான் போவதில்லை. ஏட்டை விடக் காதை நம்பியிருந்த இரண்டு கூட்டத்தார், அடியை மறக்காமல் இருப்பதற்குத் தனித்தனியே ஒரே முடிச்சைப் போட்டார்கள் என்று சொல்வதே எனக்கு அதைவிடச் சுவையாகத் தெரிகிறது.

எதுகையைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். ரைம் என்றால் எதுகை என்று கையேடுகள் எழுதுகின்றன. எதுகை அடியின் தலைப்பக்கத்தில் இரண்டாம் எழுத்தில் வருவது. ஆங்கில ரைம் அடியின் வாலில் வருவது. வாலில் வருவதற்குத் தமிழில் இயைபு என்று வேறு பெயர் இருக்கிறது.

இனி, எனக்கு மிகவும் பிடித்ததும் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்காததுமான யாப்புக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் ஃபுட் எனப்படுவது சீர். லைன் எனப்படுவது அடி. ஃபுட் என்றால் காலடிதானே, அதை ஏன் அடி என்று சொல்லாமல் சீர் என்கிறீர்கள் என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்கள், நியாயமான கேள்விதான். இரண்டு மொழிகளும் உடம்பின் ஒரே உறுப்பைக் கவிதைக்குள் கொண்டுவந்து, வெவ்வேறு நீளத்துக்கு அதன் பெயரை வைத்துவிட்டன. இந்தக் குழப்பம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். தீராதது, அழுத்தம். ஐயாம்பிக் சீர் என்பது அழுத்தம் இல்லாத ஓர் அசையும் அழுத்தம் பெற்ற ஓர் அசையும் சேர்ந்தது. அப்படி ஐந்து சீர்கள் சேர்ந்தால் பென்டாமீட்டர். வரையறை இவ்வளவுதான். ஆனால் தமிழ்க் காதுக்கு அசையின் நீளம் கேட்கும், அழுத்தம் கேட்காது. நாம் குறில் நெடிலை வைத்துப் பொருளையே மாற்றுகிற மொழிக்காரர்கள். 'படு'வும் 'பாடு'ம் நமக்கு வேறு. சொல்லின் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதை வைத்துத் தமிழில் பொருள் மாறுவதில்லை. எனவே ஷேக்ஸ்பியரின் அடியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், எங்கள் பிள்ளைகள் பத்து அசைகளையும் ஒரே எடையில், அரிசி அளந்து கொட்டுவதுபோல் கொட்டுவார்கள்.

பணியில் சேர்ந்த புதிதில் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன். ஐயாம்ப் என்றால் புளிமா, அதைத் திருப்பிப் போட்ட ட்ரோக்கி என்றால் கூவிளம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அது முழுத் தவறு. புளிமாவில் வரும் நிரையசை இரண்டு எழுத்துகள் இணைந்து உண்டாவது. அதற்கும் அழுத்தத்துக்கும் தொடர்பே இல்லை. தாமஸ் கிரே 1751-இல் வெளியிட்ட கல்லறைப் பாடலின் முதல் அடியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'த கர்ஃப்யூ டோல்ஸ் த நெல் ஆஃப் பார்ட்டிங் டே.' ஐயாம்பிக் ஓட்டத்துக்கு இதைவிடச் சுத்தமான அடி கிடைப்பது அரிது. இதில் கர்ஃப்யூ என்ற சொல்லைத் தமிழ் முறைப்படி அலகிட்டால் நேர் நேர், தேமா. ஆங்கிலக் காதுக்கோ 'கர்' மேலே எழும்புகிறது, 'ஃப்யூ' கீழே இறங்குகிறது. என் அட்டவணையைப் பின்பற்றிய மாணவி ஒருத்தி அந்த அடியை அலகிட்டுக் கொண்டுவந்து காட்டியபோது, வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குப் போய் அந்த அட்டவணைத் தாளைக் கிழித்துப் போட்டேன். (அந்தக் கர்ஃப்யூ, அடுப்பை மூடச் சொல்லி அடிக்கும் மாலை மணி; நெருப்பை மூடு என்னும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்த சொல். அதற்கு நாம் வைத்திருக்கும் 'ஊரடங்கு' என்ற சொல்லில், ஊர் என்பது ஊரிலுள்ள மக்களைக் குறிக்கும் இடவாகுபெயர். ஆகுபெயரை ஒத்த மெட்டானமிக்கு இனி வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.)

அழுத்தத்தை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தபோதுதான் எங்கள் வீட்டு முன்னறை நினைவுக்கு வந்தது. அம்மாபேட்டைப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு. முன்னறை முழுவதும் ஒரு குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து வேட்டி நெய்வார். மிதியை ஒரு காலால் அழுத்துவார். பாவு இரண்டாகப் பிரியும். கயிற்றைச் சுண்டி இழுப்பார்; நாடா பாவுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் 'சர்' என்று ஓடும். உடனே பலகையைத் தன் பக்கம் இழுத்து ஊடை இழையை 'டக்' என்று அடித்து நெருக்குவார். சர்-டக், சர்-டக், சர்-டக். மெல்லிய ஒன்று, கனத்த ஒன்று. பதினெட்டு ஆண்டுகள் நான் ஐயாம்பிக் ஓசையில் உண்டு, படித்து, உறங்கியிருக்கிறேன்; அதற்குப் பெயர் இருப்பது மட்டும் தெரியாது. பண்டைய கிரேக்கர்கள் சீரைப் பாதம் என்று அழைத்ததற்கு, ஆட்டத்தில் காலைத் தூக்குவதும் வைப்பதும் காரணம் என்பார்கள். எங்கள் வீட்டிலோ ஒவ்வோர் இழைக்கும் ஒரு மிதி. அங்கே ஃபுட் என்ற சொல்லுக்கு விளக்கவுரையே வேண்டாம்.

தறிச் சத்தத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அடுக்களையில் இருக்கும் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அது எப்போதும் இருப்பது, எனவே காதில் விழாதது. ஆனால் சர்-டக் வர வேண்டிய இடத்தில் டக்-சர் என்று ஒருமுறை மாறினாலோ, நடுவில் ஒரு நொடி வெற்றாக நின்றாலோ, "இழை அறுந்துருச்சாங்க?" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பார். யாப்பு எதற்காக என்று என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். 1597-இல் அச்சேறிய, ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தின் முதல் சொல் 'நௌ', அதாவது இப்போது. ஐயாம்பிக் அடி மெல்லிய அசையில் தொடங்க வேண்டும். அந்த அடியோ கனத்த அசையில் இடித்துக்கொண்டு தொடங்குகிறது. முதற்சீர் தலைகீழாக இருக்கிறது. அதற்குப் பெயர் ட்ரோக்கி. எல்லோருக்கும் அமைதி வந்துவிட்டது, தனக்கு மட்டும் வரவில்லை என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருக்கும் ஒருவன் மேடையில் வாய் திறக்கும் முதல் நொடி அது. 'முதற்சீர் மாற்றம்' என்று பெயரைச் சொல்லி 2 மதிப்பெண் வாங்கிவிடலாம். அம்மா கேட்ட கேள்வியை அந்த இடத்தில் கேட்டால்தான், அவனுக்குள் என்ன அறுந்தது என்று தேடத் தோன்றும்.

இப்போது தறிகள் குறைந்துவிட்டன. விசைத்தறியின் சத்தத்தில் மெல்லியது கனத்தது என்ற வேறுபாடே இல்லை, எல்லாம் ஒரே இரைச்சல். எனவே கைத்தறி இன்னும் ஓடும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், அதன் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவரச் சொல்வேன். வகுப்பில் அதை ஓடவிட்டு, அதன்மேல் கிரேயின் அடியைப் படிக்க வைப்பேன். ஐந்தாவது முறையில் சரியாக உட்கார்ந்துவிடும்.

தறியிலிருந்து இன்னும் நான் எழுந்திருக்க விரும்பவில்லை. மூன்றாமாண்டில் அமெரிக்க இலக்கியம் நடத்தும்போது எட்வர்ட் டெய்லர் என்னும் 17-ஆம் நூற்றாண்டுப் போதகரின் பாடல் ஒன்று வரும். மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூரில் ஊழியம் செய்தவர். அவருடைய கவிதைகளின் கையெழுத்துப்படி யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டதே 1937-இல்தான். என்னை உன் இராட்டையாக்கு ஆண்டவரே என்று அந்தப் பாடல் தொடங்கும். திருவசனம் பஞ்சு சுற்றிய கோல், என் ஆன்மா நூல் சேரும் கண்டு என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போய், இரண்டாம் பத்தியில் அதே ஆளைத் தறியாக்கிவிடுவார். இப்படி ஒரே ஒப்புமையை விடாமல் இழுத்துக்கொண்டு போவதற்குக் கன்சீட் என்று பெயர். அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்குத் தற்பெருமை என்றிருக்கும். அதை நம்பி, கன்சீட்டுக்குப் பெயர்போன டன் என்னும் கவிஞர் பெரிய கர்வி என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். எண்ணம், கருத்து என்பதே அங்கே பொருள்.

நான் படித்த காலத்தில் கையில் கிடைத்த ஒரு கையேடு, டெய்லர் பாடலில் வரும் 'குவில்ஸ்' என்ற சொல்லுக்கு இறகுப் பேனா என்று உரை எழுதியிருந்தது. தூய ஆவியானவர் குவில்களைச் சுற்ற வேண்டும் என்று கவிஞர் வேண்டுகிறார். பேனாவை எதற்காகச் சுற்ற வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே உறுத்தியது. வீட்டுக்கு வந்தால் திண்ணையில் அம்மா, நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சியில் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். தார் சுற்றுவது என்போம். அவ்வளவுதான் அந்தக் குவில். நெசவாளி வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் பார்க்கும், கூலிக் கணக்கில் தனியாக வராத அந்த வேலையைப் போய்த் தூய ஆவிக்குக் கொடுத்திருக்கிறார் அந்தப் போதகர். கையேட்டின்படி படித்தால் அந்த அடியில் பொருளே இல்லை. திண்ணையிலிருந்து பார்த்தால் அது மிகத் துணிச்சலான அடி.

இதே வேலையை நன்னூல் நாலே அடியில் முடித்துவிடுகிறது. நூல் என்ற சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாக இருப்பதை வைத்துக்கொண்டு, சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு நூற்கும் கதிர் என்று பவணந்தியார் அடுக்குகிறார். டெய்லருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்தையது. ஆங்கிலத்தில் டெக்ஸ்ட் என்ற சொல்லே நெய்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும்: டெய்லர் தன்னைக் கருவியாக்கிக் கொடுத்துவிடுகிறார், நன்னூலின் புலவன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தானே நூற்கிறான்.

மெட்டஃபர் என்னும் உருவகப் பாடத்தை எனக்குச் சரியாக நடத்திக் காட்டியவன் சங்ககிரிப் பக்கத்துப் பையன் ஒருவன். அவன் அப்பா லாரி ஓட்டுநர். அந்த ஊரில் அது புதுமையில்லை. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் வெளியிட்ட நூலில் மெட்டஃபரை இரண்டாகப் பிரித்து, சொல்லப்படும் பொருளுக்கு டெனர் என்றும், அதைச் சுமந்து வரும் உருவத்துக்கு வெகிள் என்றும் பெயரிட்டார். மெட்டஃபர் என்ற கிரேக்கச் சொல்லுக்கே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்லுதல் என்றுதான் பொருள். இன்றைக்கும் கிரேக்க நாட்டில் வீட்டுச் சாமான் ஏற்றிப்போகும் லாரிகளின் பக்கவாட்டில் அந்தச் சொல்லை எழுதியிருப்பார்கள் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பையன் மட்டும் சிரிக்காமல், "சரக்குதான் டெனர், வண்டி வெகிள். சரிங்க மேடம். ஆனா ரிட்டன் லோடு இல்லாம வண்டி திரும்புனா நட்டமாச்சேங்க?" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் மாக்ஸ் பிளாக் என்னும் தத்துவ அறிஞர் 1955-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் சாரம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. மனிதன் ஓநாய் என்று சொன்னால், ஓநாயின் குணங்கள் மனிதன்மேல் ஏறுகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதே நேரத்தில் ஓநாயும் கொஞ்சம் மனிதத் தன்மை பெற்றுவிடுகிறது என்றார் பிளாக். வண்டி வெறுமனே திரும்புவதில்லை. அன்றிலிருந்து எந்த உருவகத்தைப் படித்தாலும் ரிட்டன் லோடு என்ன என்று கேட்பது எங்கள் வகுப்பு வழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் விடை கிடைக்காது. பழகித் தேய்ந்த உருவகங்கள் வெற்று வண்டியாகத்தான் திரும்புகின்றன, அவற்றைக் கண்டுபிடிக்கவும் இந்தக் கேள்வி உதவுகிறது.

உவமைக்கு வந்தால், தொல்காப்பியத்தைவிட நல்ல கருவி வகுப்பறைக்குக் கிடையாது என்பது என் கட்சி. வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழியில் உவமை பிறக்கும் என்கிறது உவமவியல். செயலால் ஒத்திருக்கிறதா, விளைவாலா, வடிவாலா, நிறத்தாலா? சிமிலிக்கு 'லைக்' அல்லது 'ஆஸ்' வரும் என்று மட்டும் கற்றுக்கொண்ட மாணவர், அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறார். இந்த நான்கு கேள்விகளும் அவரை மூடவிடாது. 'செம்புலப் பெயல்நீர் போல' என்னும் குறுந்தொகை 40-ஆம் பாட்டை நிறத்தால் வந்த உவமை என்று வகுப்பு ஒருமுறை முடிவு கட்டியது. கோடை மழை பெய்த மறுநாள் ஏற்காடு அடிவாரத்தில் ஓடைத் தண்ணீர் செக்கச் செவேலென்று ஓடுவதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். நிறம்தான் முதலில் கண்ணில் படும். பிறகு ஒரு மாணவி, அந்தத் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து வைத்தால் மண் அடியில் தங்கிவிடுமே, அப்புறம் கலந்தது எப்படி நிற்கும் என்று கேட்டாள். பாட்டில் பேசுபவன் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று உறுதி சொல்கிறான். கேட்பவளுக்கோ பிரிவானோ என்ற அச்சம். அந்த அச்சம் உவமைக்குள்ளேயே படிந்து கிடக்கிறது என்று அவள் காட்டிய பிறகு, நிறம் என்ற விடையோடு யாரும் நிற்கவில்லை. ஏ.கே. ராமானுஜன் 1967-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பாட்டைப் படித்துக் காட்டினேன். நன்றாக இருந்தது, ஆயினும், இயற்பெயர் தெரியாத அந்தப் புலவருக்குச் செம்புலப்பெயல்நீரார் என்று உவமையே பெயராகிவிட்ட செய்தி எந்த மொழிபெயர்ப்புக்குள்ளும் அடங்குவதில்லை. குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்று அந்த வரிசை இன்னும் நீளும். கவிஞனைவிட அவன் கையாண்ட ஒப்புமையை நினைவில் வைத்துக்கொண்ட ஒரு மரபில் வந்த பிள்ளைகளுக்கு, சிமிலி என்பதைக் கடினமான சொல்லாக ஆக்கியது நாங்கள்தான்.

சென்ற ஆண்டு டிசம்பரில் மூன்றாமாண்டு மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். பாடத்துக்காக என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன், அது பொய்யில்லை. கார்ல் சாண்ட்பர்க் 1916-இல் வெளியிட்ட ஆறடிப் பாட்டில் மூடுபனி பூனைப் பாதங்களில் வந்து, துறைமுகத்தைப் பார்த்தபடி குந்தியிருந்துவிட்டுப் போகிறது. அதற்கு முந்தைய ஆண்டு அச்சான டி.எஸ். எலியட்டின் கவிதையிலும் மஞ்சள் பனி ஜன்னல் கண்ணாடியில் முதுகைத் தேய்க்கிறது, மாலையின் மூலைகளை நக்குகிறது, வீட்டைச் சுற்றிச் சுருண்டு தூங்கிவிடுகிறது. ஆனால் பூனை என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ஒரே பனி, ஒரே விலங்கு. ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டார், மற்றவர் சொல்லாமலே நடக்கவிட்டார். போட்டித் தேர்வு ஒன்றின் விடைக்குறிப்பில் சாண்ட்பர்க் பாட்டுக்கு, அஃறிணையை ஆளாக்கிச் சொல்லும் பர்சானிஃபிகேஷன் என்பதே சரியான விடை என்றிருந்ததாக என் பழைய மாணவி ஒருத்தி குமுறியிருந்தாள். மெட்டஃபர் என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் இல்லை. பூனையாக்குவதை ஆளாக்குவது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

லேடீஸ் சீட் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். கீழே சேலம் நகரம் புகைமூட்டத்தில் தீப்பெட்டிகளாகக் கிடந்தது. இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்வதை ஜான் ரஸ்கின் 1856-இல் பெத்தட்டிக் ஃபேலசி என்று பெயரிட்டுக் கண்டித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடல்நுரையைக் கொடூரமான, ஊர்ந்து வரும் நுரை என்று ஒரு பாட்டு சொல்கிறது. நுரை கொடூரமாகவும் இல்லை, ஊரவும் இல்லை, துயரத்தில் அறிவு நிலைகுலைந்த மனம் அப்படிப் பார்க்கிறது என்பது அவர் வாதம். அதையே மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனைப் பார்த்து 'வராதே' என்று கையசைத்ததாக இளங்கோவடிகள் சொல்லும்போது, நாம் தற்குறிப்பேற்றம் என்று பெயரிட்டு அணிகளின் வரிசையில் உட்கார வைக்கிறோம். அங்கே பிழை என்ற பெயர், இங்கே அணி என்ற பெயர். ரஸ்கின் பேசியது உணர்ச்சி மிகுந்து தடுமாறும் மனத்தைப் பற்றி. சிலப்பதிகாரத்தின் கொடிகளுக்கோ நடக்கப் போவது தெரியும். தடுமாற்றம் எதுவும் அங்கே இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று கையேடுபோல் எழுதிவிடாதீர்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் பனி வந்துவிட்டது.

பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே புகுந்து, எங்களை நோக்கி வந்தது. "பூனை வருது, பூனை வருது" என்று நகரத்துப் பிள்ளைகள் கத்தினார்கள். சேர்வராயன் கோயில் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து தினமும் கீழே இறங்கி வந்து படிக்கும் பையன் ஒருவன் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பூனை மாதிரி இல்லைங்க மேடம். பூனை ஒண்ணுதான வரும்? இது சாயங்காலம் ஆடு பட்டிக்குத் திரும்புற மாதிரி இருக்குதுங்க. முன்னாடி ஒண்ணு ரெண்டு வரும், மரத்துக்கு மரம் நின்னு நின்னு வரும், அப்புறம் பார்த்தா பட்டி ரொம்பிப்போயிருக்கும்" என்றான்.

"மாதிரி வந்துருச்சு, அப்ப சிமிலி" என்றாள் ஒருத்தி. "வினையுவமம்" என்றான் இன்னொருவன். "ரிட்டன் லோடு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தப் பையன் யோசித்தான். இனி ஆடு திரும்பும்போதெல்லாம் குளிரும்போல இருக்குதுங்க என்றான். அதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். குறிப்பேட்டை எடுத்தான், அதற்குள் பனி எங்கள் நடுவிலும் ரொம்பிவிட்டதால், பக்கத்தில் நின்றவள் கைப்பேசியின் விளக்கைப் போட்டு அவன் எழுதும் தாளுக்குக் காட்டினாள்.